கறித்தூளில் காய்ச்சிய கோப்பி

“22-10-1972, ஞாயிறு. காலையில் மழை. இன்று சமையல் டேவிட்டின் முறை. போத்தலில் இருந்த கறித்தூளைக் கோப்பித்தூள் என்று நினைத்துக் காய்ச்சித் தந்தான். பரமு அண்ணை முழுவதையும் குடித்தார்.”

இது என் பழைய நாட்குறிப்பின் ஒரு பக்கம். சரியாகச் சொன்னால், அந்தப் பக்கத்தின் பிரதி. நேற்று இங்கே கனடாவில், எங்கள் மார்க்கம் வீட்டுக் கராஜில் மனைவி கறித்தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுத்தாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் தும்மிக்கொண்டே போய் இதைத் தேடி எடுத்தேன். நன்றாக வறுத்த எங்கள் தூளுக்கும் கோப்பித்தூளுக்கும் நிறத்தில் வித்தியாசம் அதிகமில்லை. டேவிட்டைக் குறை சொல்ல முடியாது.

அப்போது சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில், பதினோராம் மாடியில், டேவிட், பரமு அண்ணை, நான் என்று மூவர் இருந்தோம். டேவிட் அமெரிக்கன், ஒஹாயோப் பண்ணை வீட்டுப் பிள்ளை. வியட்நாமில் கம்யூனிசத்தைத் தடுக்கப் படையில் சேரும்படி அவனுடைய அரசு கடிதம் அனுப்பியது. ஆளைக் கொல்ல மாட்டேன் என்று அவன் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டான். எங்கள் ஊரில் செங்கொடிக் கூட்டம் ஒன்றையும் தவறவிடாத பரமு அண்ணை, தோழர் ஒருவர் கிடைத்தார் என்று குதூகலித்தார். தோழரோ ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனார்.

“கம்யூனிஸ்டும் இல்லையாம். பேந்து உவன் என்னத்துக்கு ஓடி வந்தவன்?” என்று என்னிடம் முறைப்பாடு சொன்னார்.

அவருடைய மற்ற முறைப்பாடு என் நாட்குறிப்பு. “ஐசே, மழை பெய்ததையும் எழுதி ஆருக்குக் காட்டப் போறீர்?”

அடுத்த ஆண்டு காட்டவேண்டி வந்தது. 1972 நவம்பர் 30இலோ அதற்கு முன்போ வந்து தங்கியவர்கள் விண்ணப்பித்தால் நிரந்தரமாக இருக்கலாம் என்றது கனடா. கடைசி நாள் 1973 ஒக்டோபர் 15. டேவிட்டிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பிடிபடுவோம் என்ற பயத்தில் வாடகை ஒப்பந்தத்தில் பெயர் போடவில்லை, கடிதமும் வரவழைக்கவில்லை. நிரூபிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்; அமெரிக்காவில் அவனுக்குச் சிறை.

நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவனோடு குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சத்தியக் கடதாசியும் இணைத்திருந்தேன். அதிகாரி கோப்பிக் கதையை இரண்டு தரம் வாசித்தார். பரமு அண்ணை ஏன் முழுவதையும் குடித்தார் என்று கேட்டார். விசாரித்து வைத்திருந்ததால் பதில் சொன்னேன்: “இரசம் எண்டு நினைச்சுக் குடிச்சவராம்.”

அவர் சிரித்தார். பொய் எழுதுகிறவன் இதைவிடக் கௌரவமாக எழுதியிருப்பான் என்றார். மூலப் பக்கத்தைக் கேட்டார். முதலில் ஒரு பிரதி எழுதிக்கொண்டு, மனமில்லாமல் கிழித்துக் கொடுத்தேன். சில வாரங்களில் டேவிட்டுக்கு அனுமதி வந்தது. எத்தனையோ ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் கூச்சமில்லாமல் பெருமைப்படுவேன்.

அன்று பரமு அண்ணை சொன்னார்: “எழுதும் ஐசே, எழுதும். இண்டைக்கு மழை இல்லை எண்டும் எழுதும்.”

1977 ஜனவரியில் படைக்குப் போக மறுத்தவர்களை அமெரிக்கா மன்னித்தது. டேவிட் போய்த் தாயைப் பார்த்துவிட்டு, இங்கேயே திரும்பி வந்தான். இன்று அவனும் இல்லை, பரமு அண்ணையும் இல்லை. அந்த மாடியில் வேறு யாரோ சமைக்கிறார்கள். என் கையெழுத்துத் தமிழ்ப் பக்கம் அரசாங்கக் கோப்பில் இன்னும் இருக்கிறதா, அழித்துவிட்டார்களா? அரசாங்கத்திடம் கேட்டு எழுதியிருக்கிறேன். இதை எழுதும் இன்றுவரை எதுவும் உறுதியாகத் தெரியவில்லை.