சித்தி தேநீர் ஊற்ற மறுத்த காலை

எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'இடிச் சித்தப்பா' என்று பெயர். பழைய கட்டடங்களின் கான்கிரீட்டை அதிரும் இயந்திரத்தால் உடைப்பது அவர் தொழில். தம்மைப்போல் இயந்திரத்தை இறுக்கிப் பிடிப்பவர் எவருமில்லை என்பது அவர் பெருமை. அந்த இறுக்கமே அதிர்வை முழுமையாகக் கைக்குள் இறக்குகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

குளிர்ந்த காலைகளில் வலக்கையின் இரு விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தன. பிறகு குத்தலோடு சிவந்தன. சட்டைப் பொத்தான்கள் விரலுக்கு அடங்கவில்லை. கழுத்து வழியே மாட்டும் பனியன்களுக்கு மாறினார்.

"இளமை திரும்புதோ?" என்று சித்தி கேலி செய்தார். அவர் சிரித்து மழுப்பினார்.

சித்தப்பா வேலைபார்த்த நிறுவனத்தின் தேநீர்க்கடையைச் சித்திதான் நடத்திவந்தார். ஆண்டுதோறும் செவிலியர் ஒருவர் வந்து தொழிலாளர்களின் கைகளைச் சோதிப்பார். அன்று கான்கிரீட் உடைப்பவர்கள் அனைவரும் சோதனை அறைக்கு வெளியே கொதிக்கும் தேநீர்க் குவளையை இரு கைகளாலும் அணைத்தபடி காத்திருப்பது வழக்கம். சூடேறிய விரல் வெளுப்பைக் காட்டாது; காட்டினால் வேலை போய்விடும் என்பது அவர்கள் அச்சம். காரணம் அறியாமலே சித்தி ஊற்றிக் கொடுத்துவந்தார்.

அந்த ஆண்டு, சோதனைக்குச் சில நாள் முன்பு, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்தபடி சித்தப்பா சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். சூடு அவருக்கு உறைக்கவில்லை. சித்தி கையைப் பிடுங்கிப் பார்த்தார். அதன்பின் சித்தப்பாவால் விரல் வெளுப்பையும் தேநீர்த் தந்திரத்தையும் மறைக்க முடியவில்லை.

சோதனை நாளன்று சித்தி தேநீர்ப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டார்.

"என்னக்கா, அடுப்பு அணைஞ்சு போச்சா?" என்றார் ஒரு தொழிலாளி.

"அடுப்பு நல்லாத்தான் எரியுது. உங்க விரல்தான் சரியில்ல. முதல்ல நர்ஸம்மாகிட்ட காட்டிட்டு வாங்க."

"வீட்டுக்காரர் மேல கோபம்னா எங்களை ஏன்க்கா காயப்போடுறீங்க?"

சித்தப்பா நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதடி."

"சாப்பாடு அள்ளுற கைங்க அது. போச்சுன்னா தினமும் நான்தான் ஊட்டணும். எனக்கு அவ்வளவு நேரமில்ல."

குளிர்ந்த கையோடு அவர் உள்ளே போனார். செவிலியர் வெளுத்த விரல்களைக் கண்டதும் மருத்துவரிடம் அனுப்பினார்.

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. இனி அதிர்ற மெஷினைத் தொடாதீங்க, இதுக்கு மேல போகாது, குறையவும் வாய்ப்பிருக்கு" என்றார் மருத்துவர்.

அன்று வெளுத்த விரல்களோடு வெளியே வந்தவர் சித்தப்பா மட்டுமல்லர், மேலும் நால்வர். அத்தனை பேரையும் நீக்கிவிட்டு நிறுவனம் எதைக்கொண்டு உடைக்கும்? பெரிய சுவர்களுக்கு, இயக்குபவர் கூண்டுக்குள் அமர்ந்து ஓட்டும் உடைப்பு வண்டியை வரவழைத்தார்கள். மழுங்கினால் அதிர்வைக் கூட்டும் உளிகளை உடனுக்குடன் மாற்றினார்கள். கைக்கருவி வேலையை, விரல் வெளுக்காதவர்கள் சிறிது நேரத்துக்கு ஒருவராக மாறி மாறிச் செய்தார்கள். வண்டியை ஓட்டும் பயிற்சி சித்தப்பாவுக்குக் கிடைத்தது.

முதல் நாள் வண்டியிலிருந்து இறங்கி வந்தவரிடம், "என்மேல இருந்த கோபம் தீர்ந்துச்சா?" என்று கேட்டார் சித்தி.

"தீர்ந்துச்சு. ஆனா பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அது அவங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

அந்தக் குளிர்காலத்தில் விரல்கள் அவ்வப்போது வெளுத்தன. அடுத்த குளிர்காலத்தில் அது அரிதாயிற்று. சித்தப்பா இன்றும் அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறார்.