வேப்பம்பட்டில் மை பார்த்த நாள்

அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்கு மேனாம்பேட்டிலிருந்து கிளம்பினேன். அம்பத்தூர் ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். வேப்பம்பட்டுக்குப் போய்வர டிக்கெட் பத்து ரூபாய். தூரம் பதினேழு கிலோமீட்டர் இருக்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

நான் காலால் பிறந்தவன். தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அதனால் எங்கள் தெருவில் முதுகு பிடித்துக்கொண்டால் என்னிடம் வந்து குப்புறப் படுப்பார்கள். மிதித்துவிடுவேன். காசு வாங்குவதில்லை. இப்படிப் பிறந்தவன் கண்ணுக்கு, வெற்றிலையில் தடவிய மையில் காணாமல் போனதெல்லாம் தெரியும் என்றும் சொல்வார்கள். அதற்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. இப்போதுதான் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் கபூர் பாய். பூந்தமல்லியில் பழைய கதவு, ஜன்னல் விற்கிற கடை. முதுகு மிதிக்க வந்து பழக்கம். வேப்பம்பட்டில் புது வீடு கட்டிக் குடிபோயிருக்கிறார். வீட்டுக்கு அடியில் புதையல் என்கிறார். பார்த்துச் சொன்னால் என்ன தரவேண்டும் என்று கேட்டார். முதலில் என் தம்பியைப் பார்க்கணும், அப்புறம் உங்கள் புதையல் என்றேன். சரி என்றார்.

தம்பி பெயர் சேகர். என்னோடு லேத்துப் பட்டறையில் இருந்தான். ஒரு நாள் வேலை முடிந்து போனவன் வீட்டுக்கு வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஐந்து தீபாவளி போய்விட்டது.

பட்டாபிராம் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. திருநின்றவூரில் பூக்காரம்மாக்கள் இறங்கினார்கள். அடுத்தது வேப்பம்பட்டு. ஒன்பதே முக்கால்.

ஸ்டேஷனிலிருந்து பாய் வீடு இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். இடம் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"கொப்பரை ஊட்டுக்கா? கெடச்சா நம்ம வண்டிக்கு ஒரு டயர் வாங்கிக் குடு நைனா."

வழியெல்லாம் அந்தக் கதைதான். நவாப் ஆள் ஒருவன் பூந்தமல்லியிலிருந்து பொன்னோடு தப்பி வந்தானாம். மழையில் வண்டி ஏரியில் இறங்கிவிட்டது. பொன்னைப் பெரிய செப்புக் கொப்பரையில் போட்டுச் சங்கிலி கட்டிப் புதைத்தான். அவன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. கொப்பரை மட்டும் ஓரிடத்தில் நிற்காமல் மண்ணுக்குள்ளேயே நடக்கிறது. சிலர் நவாப் இல்லை, வெள்ளைக்காரன் என்கிறார்கள். பொன் இல்லை, முத்து என்றும் சொல்கிறார்கள். சங்கிலிச் சத்தத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு.

பாய் வாசலில் நின்றார். அவர் சம்சாரம் டீ கொடுத்தார். ராத்திரி சமையல்கட்டில் சங்கிலி இழுபடுகிறது, தூக்கமே போச்சு என்றார். இதெல்லாம் எங்கள் மார்க்கத்தில் கூடாது, ஆனாலும் தெரிஞ்சாகணும் என்றார் பாய். மேஸ்திரி கடப்பாரையோடு காத்திருந்தார். புது டைல்ஸ், நல்ல வெள்ளை. இன்றே உடைப்பதாக ஏற்பாடு.

மை போடுகிறவரையும் பாய்தான் வரவழைத்திருந்தார், திருவள்ளூர் பக்கத்து ஆள். பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்தினார். விளக்கு ஏற்றினார். வெற்றிலையில் மை தடவி என் கையில் வைத்தார். பார்க்குமுன் ஒன்று சொன்னார். உயிரோடு இருக்கிறவர்தான் மையில் வருவார். இல்லாதவர் வரமாட்டார்.

இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டேன்.

பார்த்தேன். கறுப்பு. விளக்குச் சுடர் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. என் மூக்கு தெரிந்தது. கண் எரியும்வரை பார்த்தேன். அவன் வரவில்லை.

"தெரியறாரா?" என்றார் மைக்காரர்.

"தெரியறான்" என்றேன்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்கிறான் என்று கேட்டார். நடக்கிறான் என்றேன். பாய் என் தோளைத் தட்டினார். சந்தோஷப்பட்டார்.

அடுத்த வெற்றிலை. அதிலும் அதே சுடர், அதே மூக்கு. கொப்பரை சமையல்கட்டில் தெற்கு மூலையில்தானே என்றார் மைக்காரர். நான் பேசவில்லை. அவரே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். தம்பியைப் பார்த்த கண்ணு, தப்பாது என்றார் பாய். மேஸ்திரி எழுந்து உள்ளே போனார். பாயின் சம்சாரம் அரிசி டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"உடைக்காதீங்க பாய். கொப்பரை தெரில."

"இன்னா அண்ணாத்தே, இப்பதானே..."

"தம்பியும் தெரில."

மைக்காரர் என்னைப் பார்த்தார். மெதுவாக, அப்படியென்றால் உன் தம்பி என்று ஆரம்பித்தார். பாய் கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னலைத் திறந்தார். வெயில் வந்து விழுந்தது.

"மை பொய். எடுத்துகினு கெளம்புங்க."

என் மை பொய் இல்லை, பார்த்தவன் கண்தான் சரியில்லை, வேறு ஆள் கூட்டி வாருங்கள், கொப்பரை கட்டாயம் இருக்கிறது என்றார் மைக்காரர்.

"வேணாங்க. மை நெசம்னா இவரு தம்பி இல்லன்னு ஆவுது. எனக்குக் கொப்பரை வேணாம்."

சம்சாரம் டப்பாக்களைத் திரும்ப உள்ளே கொண்டுபோனார்.

சாப்பிட்டுத்தான் போகணும் என்றார்கள். சாப்பிட்டேன். பாய் தம்பியின் உயரம், நிறம், மச்சம் எல்லாம் கேட்டுக்கொண்டார். பூந்தமல்லியில் கடை பஸ் ஸ்டாண்டு எதிரேதான், கண்ணில் பட்டால் விடமாட்டேன் என்றார். ஸ்டேஷன் வரை அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

மூன்றரை வண்டி. கூட்டம் இல்லை. எங்கள் அம்பத்தூரில் தோண்டாத மண் கிடையாது. கம்பெனிக்குத் தோண்டினார்கள், பிளாட்டுக்குத் தோண்டினார்கள், குழாய்க்குத் தோண்டினார்கள். அதனால் எங்களிடம் புதையல் கதை ஒன்றும் மிச்சமில்லை. வேப்பம்பட்டில் இன்னும் இருக்கிறது. அந்தச் சமையல்கட்டில் சங்கிலிச் சத்தம் இனியும் கேட்கும். அவர்கள் தூங்கப் பழகவேண்டும்.

சேகரைக் கடைசியாக ஆவடி ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொல்வார்கள். ஆவடியில் எனக்கு வேலை எதுவும் இல்லை. இறங்கினேன். மேம்பாலப் படியில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வண்டி வந்தது. போகவிட்டேன். அதற்கடுத்ததில் ஏறினேன்.