ஊசி தந்த சாந்தம்

கால்நடை மருத்துவனாக நான் காயடித்த காளைகளுக்குக் கணக்கில்லை. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடிக் காளைகள் லேசில் அடங்காதவை. இரண்டு ஆட்கள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, இடுக்கியால் விதைக்குப் போகும் நாளங்களை நசுக்கிவிட்டு, மாட்டுக்காரரிடம், "கொஞ்ச நாள் போவட்டும், சாதுவாயிடும்" என்பேன். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். குணம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு ரத்தத்தில் ஓடும் சில ஹார்மோன் துளிகள்தாம் என்பதைக் கண்ணெதிரே பார்த்தவன் நான். அதை மாட்டுக்கு மட்டும் பொருத்திப் பார்த்தேன். என் கோபத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். மனைவியை நான் அடித்ததில்லை; அதையே ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டவன். ஆனால் சோற்றுத் தட்டை வீசியிருக்கிறேன். உறவினர் முன்னால், "உனக்கு அறிவிருக்கா?" என்று கேட்டிருக்கிறேன். மாதவிலக்கு நிற்கும் வயதில் அவளுக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்பாள். சின்னச் சொல்லுக்கும் கண் கலங்கும். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான, நீ மட்டும் எதுக்கு நாடகம் ஆடற?" என்றேன். பசுக்களின் ஹார்மோன்களைப் பற்றித் துறைக் கூட்டங்களில் விளக்கிய அதே வாய்.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. கதிர் சிகிச்சையோடு, ஆண் ஹார்மோனை அடக்க மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி. மருத்துவர் சொல்லத் தொடங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"இடுக்கி இல்லாம காயடிக்கிறீங்க" என்றேன்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள்.

முதலில் வந்தது கொதிப்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மார்பிலிருந்து தலைக்கு அனல் ஏறும். சட்டையைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் நின்றேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அன்று சொன்னதைத் திருப்பிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"கழுத்துல ஈரத்துண்டு போடுங்க. எனக்கு அதுதான் கேட்டுச்சு" என்றாள்.

அவள் அப்போது ஈரத்துண்டு போட்டுக்கொண்டதைக்கூட நான் கவனித்ததில்லை.

பிறகு கோபம் போயிற்று. அடக்கிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அடக்குவதற்கு எதுவும் எழவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஒருநாள் போனில் கூப்பிட்டான். வழக்கம்போல், "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றேன். "இருக்கட்டும்ப்பா, உங்ககிட்டயே பேசறேன்" என்றான். மனைவி என்னை எதிர்த்துப் பேசத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி முன்னாலேயே, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றாள். நானும் சும்மா இருந்தேன்.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு மருத்துவர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க ஐயா. ஊசிய நிறுத்திடலாம்" என்றார்.

நான் கும்பிட்டேன். மனைவி மெல்லக் கேட்டாள்: "நிறுத்தித்தான் ஆவணுங்களா சார்?"

"ஏம்மா? தொடர்ந்து போட்டா எலும்பு வீக் ஆயிடும். நல்ல சேதிதான சொல்றேன்."

"நல்ல சேதிதாங்க" என்றாள், மடியில் இருந்த பையைப் பார்த்தபடி.

ஊர் திரும்ப, பாப்பாரப்பட்டி பஸ்ஸில் இருவர் சீட்டில் உட்கார்ந்த பிறகு, "பயமா இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஒடம்பு சரியானது சந்தோசந்தான். ஆனா ஒடம்போட சேந்து அந்தப் பழைய மனுசனும் வூட்டுக்கு வந்துருவாரே."

"நான் உனக்குச் செஞ்சதெல்லாம் தப்பு" என்றேன். வாழ்க்கையில் முதல் முறை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இத நீங்க பேசறீங்களா, ஊசி பேசுதா?"

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட முடியாது. மேலதிகாரி எதிரில் இதே ரத்தம் அடங்கித்தான் ஓடியது. அங்கே தட்டு எதுவும் பறக்கவில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முட்டிப் பழகிய காளையை வயது போன பிறகு காயடித்தால் சில காளைகள் அப்போதும் முட்டும். துளிகள் வற்றினாலும் பழக்கம் தங்கிவிடும். அப்படியானால், இரண்டு ஆண்டு சாந்தமாக இருந்து பழகியதில் கொஞ்சமாவது, துளிகள் திரும்பி வந்த பிறகும் தங்காதா? விஞ்ஞானமாக இதை நான் சொல்லவில்லை. ஒரு கிழவனின் ஆசை.

மாதங்கள் போயின. ஊசியின் வேகம் இறங்கி, கை கால்களில் பலம் திரும்பியது. ஒருநாள் சந்தையிலிருந்து வந்து பார்த்தால், வீட்டு முன்னால் நான் நட்டு வளர்த்த மாமரத்தின் பெரிய கிளை வெட்டிக் கிடந்தது. மின்கம்பியில் உரசுகிறது என்று, எனக்குச் சொல்லாமலே ஆளை விட்டு வெட்டியிருந்தாள். பிடரியில் சூடு ஏறியது. எனக்கு நன்றாகத் தெரிந்த சூடு.

அவள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைக்கு எட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தாள். இத்தனை காலமும் அவள் அப்படித்தான் பார்த்திருப்பாள். நான் அன்றுதான் கண்டேன்.

"எனக்குக் கோவம் வருது" என்றேன். குரல் உரக்கத்தான் வந்தது. "பழைய கோவந்தான். நடந்துட்டு வந்து பேசறேன்."

"எதுவரைக்கும் போறீங்க?"

"அடங்கற வரைக்கும்."

"அப்பிடின்னா பொம்மிடி வரைக்கும் போவணும்" என்றாள்.

பொம்மிடிக்கு நடந்தால் ஒரு நாள் ஆகும். நான் ஏரிக்கரை வரைதான் போனேன். திரும்பி வந்து, சொல்லாமல் வெட்டியது தப்பு என்றேன். கம்பி அறுந்து விழுந்திருந்தால் யார் செத்திருப்பார்கள் என்று அவள் கேட்டாள். என் குரல் உயர்ந்தது, அவள் குரலும் உயர்ந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பு நான் கத்துவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இருவரும் சேர்ந்து சண்டை போட்டது அன்றுதான். அதில் அவள் ஜெயித்தாள்.