முள் நின்ற இடம்

பல்கலைக்கழகத்தில் யோசிப்பது பேராசிரியர்கள், கால் தேய நடப்பது கேள்வியக்கா. பதினாறு வருடங்களாக இதுதான் ஏற்பாடு. பொறியியல் துறைக்காக, ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குழாயைத் திறக்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறாள். சமூகவியல் துறைக்காக, வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்று வாசல் வாசலாகக் கேட்டிருக்கிறாள். "என்னோடதுதான்" என்று ஒருவர் மார்தட்ட, உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் முழித்தாள். வணிகவியல் துறைக்காகக் கடைகளில் நின்று, ஒரு சோப்பை எடுக்க எத்தனை விநாடி யோசிக்கிறார்கள் என்று கடிகாரமும் கையுமாக அலைந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. தெருக்களுக்கு அவள் கேள்வியக்காதான்.

இந்தத் தொழிலில் ஒரு கள்ளத்தனம் உண்டு. பூட்டிய வீட்டைப் பார்த்ததும் டீக்கடையில் உட்கார்ந்து படிவத்தைத் தானே நிரப்பிவிடுவார்கள். கேள்வியக்கா அதைச் செய்ததே இல்லை. பூட்டியிருந்தால் நாலு தடவை போவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருக்கட்டுமே, அந்தத் திமிருக்காக எத்தனை செருப்பைத் தேய்த்திருக்கிறாள்.

சோப்பு வேலையின்போது வணிகவியல்காரர் ஒரு பாடம் சொன்னார். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்றெல்லாம் இழுக்காதீர்கள், நாற்பது என்று முழுசாகப் போடுங்கள், ரெண்டு விநாடி முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றார். சோப்புக்கு அது சரிதான். ஆனால் ஒரு தடவை சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொள்வது கேள்வியக்காவின் கை. அப்போது பிடித்த பழக்கம் பிறகு விடவே இல்லை.

இந்த வருடம் மருத்துவத் துறை அவளைக் கூப்பிட்டது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் அளக்க வேண்டும். கையில் பட்டை கட்டி, காற்றடித்து இறக்கி, முதல் துடிப்பு கேட்கும்போது வட்ட முகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் கருவி. மேல் எண் நூற்று நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால், அழுத்தத்தைக் குறைக்கும் ஆராய்ச்சி மாத்திரை. படிவம் சொன்னால் டாக்டருக்கு அது வேதவாக்கு, திரும்ப அளக்க மாட்டார். பட்டையை எப்படிக் கட்டுவது என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணை முழுசாக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. முள் நின்ற எண்ணை முதலில் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள். அப்புறம் நிதானமாக, அழகான கையெழுத்தில், பக்கத்துப் பத்துக்கு முழுசாக்கிப் படிவத்தில் ஏற்றுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடிக்கு வரச் சொன்னார்கள். பேராசிரியை மேசைக்குப் பின்னால் இருந்தார். புள்ளிவிவரம் பார்க்கும் ஒல்லியான ஆள் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இருநூத்திப் பத்து பேரை அளந்திருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடக் கடைசி எண் பூஜ்ஜியத்தைத் தவிர வேற வரல. வீட்டுல உக்காந்து எழுதினாத்தான் இப்படி வரும்" என்றார்.

கேள்வியக்காவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. யாரைப் பார்த்து என்ன சொல்கிறார்கள்! எல்லா வீட்டுக்கும் போனேன் என்று சத்தியம் செய்தாள். பேராசிரியை குரலை உயர்த்தவில்லை. நாலு மணிக்குள் விளக்கம் எழுதித் தரும்படியும், இல்லையென்றால் அவளுடைய படிவங்களை மொத்தமாகத் தள்ளிவிட்டு அவளையும் அனுப்பிவிடப் போவதாகவும் சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறவர்களை இரண்டு மாதம் கழித்து வழக்கமான முறையில் பார்த்துக்கொள்வார்களாம்.

வராந்தாவுக்கு வந்ததும் நோட்டு ஞாபகம் வந்தது. அதில் தேதி, வீட்டு எண், முள் நின்ற எண் எல்லாம் இருக்கின்றன. இதை முகத்தில் விட்டெறிந்தால் என்ன சொல்வார்கள் என்று ஆவேசமாகப் பிரித்தாள். நூற்று முப்பத்தாறு. நூற்று முப்பத்தெட்டு. மறுபடி நூற்று முப்பத்தாறு. படிவத்தில் இந்த மூன்றுமே நூற்று நாற்பது.

சுவரோரம் உட்கார்ந்து விரல் வைத்து எண்ணினாள். பத்தொன்பது பேர். நூற்று நாற்பது என்ற கோட்டைத் தொடாதவர்களை அவள் பேனாதான் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கிறது. தேவையில்லாத மாத்திரையை அவர்கள் ஒன்றரை மாதமாக விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வரியில் தையலக்கா, வீட்டிலேயே துணி தைக்கும் நெடுநாள் சினேகிதி. ஞாயிற்றுக்கிழமை தலைசுற்றி மாடிப்படியில் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் பார்க்கப் போவதாக இருந்தாள்.

கணவருக்கு போன் செய்தாள். லிப்ட் பழுது பார்க்கிறவர், பயந்த சுபாவம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நோட்டைக் காட்டினா பொய்யா எழுதினேங்கற பேர் போயிடும். ஆனா அந்தம்மா கை ஒடிஞ்சது உன் தலையில விழும். கிழிச்சுப் போட்டுட்டு வா. வேலை போனாப் போகட்டும்" என்றார்.

படி வழுக்கியதோ, மாத்திரை தள்ளியதோ, யாரால் அடித்துச் சொல்ல முடியும்? கேள்வியக்கா அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தாள். மூலையில் குப்பைக்கூடை இருந்தது. நோட்டின் அட்டையைக் கிழித்தும்விட்டாள். அடுத்த தாளில் விரல் வைத்தபோது, இன்று ராத்திரியும் பத்தொன்பது பேர் தண்ணீர் டம்ளரோடு அந்த மாத்திரையை எடுப்பார்கள் என்பது உறைத்தது. இன்னும் இரண்டு மாதம். அதற்குள் எத்தனை படிகள் இருக்கின்றன.

மணி மூன்றே முக்காலுக்கு, அட்டையில்லாத நோட்டை மேசைமேல் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒல்லியானவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எல்லா வீட்டுக்கும் போயிருக்கீங்க" என்றார் மெதுவாக.

காலையிலிருந்து அவள் ஏங்கிய வார்த்தை அதுதான். இப்போது கேட்க ஒரு சந்தோஷமும் இல்லை. பேராசிரியை உடனே டாக்டரை போனில் பிடித்தார். பத்தொன்பது பேரையும் இன்றே நேரில் அளந்து எண்ணைச் சொன்னால், மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டர் முடிவெடுப்பார். நானே போகிறேன் என்றாள் கேள்வியக்கா. போகலாம், ஆனால் ஒல்லியானவர் கூட வருவார், அதற்கப்புறம் அவளுக்குப் படிவம் கிடையாது என்று பேராசிரியை நேராகவே சொல்லிவிட்டார்.

முதலில் தையலக்கா வீடு. தையல் மெஷினில் ஒரு சட்டை பாதியில் நின்றது, ஒரு கை தைத்து, இன்னொரு கை தொங்கியபடி. தையலக்கா இவளைவிட நாலு வயது பெரியவள்.

"வா கேள்வி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தாள்.

உட்காரச் சொன்னாள். கேள்வியக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள்.

தையலக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. "அன்னைக்கு நிஜமா எவ்வளவு இருந்துச்சு?"

"நூத்தி முப்பத்தாறு."

"நாலு கூட்டிப் போட்டிருக்க." கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்திக்கொண்டாள். "என் டேப்புல நான் நாலு கூட்டி எழுதியிருந்தா, நீ அந்தச் சட்டையைப் போட்டிருப்பியா?"

கேள்வியக்கா பையிலிருந்து கருவியை எடுத்தாள். தையலக்கா இடது கையை நீட்டினாள். கேள்வியக்கா பட்டையைக் கட்டி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டாள். காற்று மெல்ல இறங்கியது. முள் எண்பத்தெட்டில் இருந்தபோது முதல் துடிப்பு காதில் விழுந்தது.

"எம்பத்தெட்டு. ரொம்பக் கம்மி" என்றாள்.

"எழுது. என் கண்ணு முன்னாடி எழுது."

எழுதிக் காட்டினாள். தையலக்கா நோட்டை வாங்கி, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒல்லியானவர் வாசலிலேயே டாக்டருக்கு போன் செய்தார். டாக்டர் மாத்திரையை இன்றே நிறுத்தச் சொன்னார், நாளைக் காலை வந்து பார்க்கிறேன் என்றார்.

கேள்வியக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். இந்த வீட்டிலிருந்து எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மேலேயிருந்து "போயிட்டு வா" என்று குரல் வரும். கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. இன்னும் பதினெட்டு வீடு இருந்தது.