மஞ்சள் தார்ப்பாயும் என் ஈரலும்

ஏலக்காய் வியாபாரத்தில் நிறம்தான் பேசும். பச்சை மங்கி மஞ்சள் தட்டினால் விலை படியாது. போடி பஜாரில் அதே கண்ணோடு உட்கார்ந்திருப்பவனுக்கு ஈரலில் கோளாறு வந்தால் என்ன பாடு என்பது, பெரிய டாக்டருக்காகக் காத்திருக்கும் உங்களுக்குப் புரியும். "ஈரல்ல கொழுப்பு. தழும்பு விழுந்திருக்கான்னு மதுரையில ஈரல் டாக்டரப் பாத்துருங்க" என்றார் தேனி டாக்டர். மதுரைக்காரரைப் பார்க்க அடுத்த வாரம்தான் இடம் கிடைத்தது. அந்த ஒரு வாரம் இருக்கிறதே!

குடிக்காதவன்

கடையில் சொன்னதுதான் தப்பு. நான் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை என்றால் ஒருத்தரும் நம்பவில்லை. இனிப்பும் பரோட்டாவும் தின்றுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் ஈரலில் கொழுப்பு சேருமாம் என்று விளக்கியே வாய் வலித்தது. நம்பியவர் மூட்டை தூக்கும் முருகன் ஒருவர்தான். சாயங்காலமானால் அவரை நாம்தான் பிடித்து நடத்த வேண்டும். ரொம்ப நிம்மதியாகக் கேட்டார்:

"குடிக்காட்டியும் கெடும்னா, நான் எதுக்குண்ணே விடணும்?"

கீழாநெல்லி

ராயப்பன்பட்டி வாத்தியார் என் பழைய வாடிக்கையாளர். ஒரு கட்டுக் கீழாநெல்லியோடு வந்து நின்றார். மதுரையில் பார்க்கும் வரை எந்த மருந்தும் வேண்டாம் என்று தேனி டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பயத்தில் என் கை அந்தக் கட்டை நோக்கிப் போனது உண்மை. பாதியில் இழுத்துக்கொண்டேன். வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நம்ம வரப்புல மொளைச்சது ஒங்களுக்கு எளப்பமாப் போச்சாக்கும்."

கண்ணாடி

கல்லாவில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொண்டேன். காமாலை வந்தால் கண்ணில்தானே முதலில் தெரியும்? காலையில் லேசாக மஞ்சள் தெரிந்தது. வெயில் ஏற ஏற மஞ்சளும் ஏறியது. உச்சி வேளையில் முழுக்க மஞ்சள். பிள்ளைகள் முகம் வந்து போனது. மனைவி செல்விக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துக் குமுளியிலிருந்து மலையாள வியாபாரி ஜோசப் வந்தார். என் கண்ணாடியைப் பார்த்தார். வெயிலுக்காகப் போன மாதம் வாசலில் நான் கட்டிய புதுத் தார்ப்பாயைப் பார்த்தார். நல்ல மஞ்சள் தார்ப்பாய். அதன் நிழலில் நாங்கள் எவரும் காய் பார்க்க மாட்டோம். உள்ளங்கையில் அள்ளித் தெரு வெயிலுக்கு இறங்கிவிடுவோம்.

"சேட்டா, காயை மட்டும் வெயில்ல பாப்பீங்க, கண்ணைப் பாக்க மாட்டீங்களா?"

மதுரை

டாக்டர் வயிற்றை அழுத்தினார், மெஷினை வைத்துப் பார்த்தார். "தழும்பு இருக்கு. ஆரம்பம்தான். எடையக் குறைச்சு, சர்க்கரையக் கட்டுக்குள்ள வச்சா சரியாக வாய்ப்பிருக்கு" என்றார். கண் மஞ்சளா என்று கேட்டேன். இமையை இழுத்துப் பார்த்து, இல்லை என்றார். நம்பாமல் மறுபடியும் கேட்டேன்.

வாரம் முழுக்க எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த செல்வி, வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"நீங்க தூங்கையில எமைய வெலக்கி வெலக்கி நானும் பாத்துக்கிட்டுத்தாங்க இருந்தேன்."

தார்ப்பாயைக் கழற்றியாயிற்று, சர்க்கரையை விட்டாயிற்று, நடக்கவும் ஆரம்பித்தாயிற்று. கடை திறந்ததும் கண்ணாடியோடு தெரு வெயிலுக்கு இறங்குவதை மட்டும் இன்னும் விட முடியவில்லை.