பட்டா இல்லைங்க, பேட்டன்ட்!

புதுக்கோட்டையில் 'பேட்டன்ட் ஏஜென்ட்' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து, அது என்ன தொழில் என்று விளக்குவதிலேயே என் பாதி நேரம் போகிறது. நீங்களும் சொந்தமாக ஒரு ஆபீஸ் போட்டு, ஆள் வருமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவர் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

பத்திரக் கட்டோடு வந்தவர்

அன்னவாசலிலிருந்து ஒரு விவசாயி பத்திரக் கட்டோடு வந்தார். கூட்டுப் பட்டாவில் இருக்கும் தன் பங்கைத் தனியாகப் பிரித்துத் தரவேண்டுமாம். "ஐயா, இது பட்டா இல்லைங்க, பேட்டன்ட். நீங்க புதுசா ஒரு கருவி கண்டுபிடிச்சா, உங்களைக் கேக்காம வேற யாரும் அதைச் செஞ்சு விக்க முடியாதபடி அரசாங்கம் குடுக்கிற உரிமை" என்றேன். கட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நெனப்புக்கே பட்டா குடுக்கிறாங்களா? எங்களுக்கு நெலத்துக்கே இன்னும் வந்து சேரலைங்களே!"

வாய் திறக்காதவர்

லேத் பட்டறைக்காரர் ஒருவர் வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், "அதைச் சொன்னா நீங்க செஞ்சிருவீங்க" என்கிறார். சொல்லாமல் எப்படி எழுதுவது? இன்னொருவர் படித்துச் செய்துபார்க்கும் அளவுக்கு எல்லாவற்றையும் எழுதித் தரவேண்டும், அது வெளியாகவும் செய்யும். பதிலுக்கு, உரிமை கிடைத்தால் மனுப் போட்ட நாளிலிருந்து இருபது வருஷத்துக்கு அது உங்களுடையது. அப்புறம் ஊருக்குப் பொது. இதுதான் அரசாங்கத்தோடு நாம் போடும் பேரம்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைக்குள்ளிருந்து வரைபடம் வெளியே வந்தது. போர்வெல் மோட்டாரை ஒற்றை ஆளாக மேலே தூக்குகிற கப்பி!

"இருபது வருசம் போதுங்க. அதுக்கு மேல நம்மளாலயும் பட்டறைக்கு வர முடியாது, எவனாச்சும் செஞ்சுக்கட்டும்!"

கோட்டைப்பட்டினத்து வீடியோ

நசீர் பாய் விசைப்படகு மெக்கானிக். வலை புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் யாராவது கடலில் குதித்து அறுத்தெடுக்க வேண்டும். அப்படிக் குதித்த அவருடைய மச்சானுக்குத் தோளில் ஆழமான வெட்டு. அதிலிருந்து யோசித்து யோசித்து, வலை சிக்காமல் தடுக்கும் ஒரு கூண்டு செய்திருந்தார். சந்தோஷமாக போனில் அதன் வீடியோவைக் காட்டினார். அவரே அதை ஊருக்கெல்லாம் தெரிய யூடியூபில் போட்டிருக்கிறார்! மனுப் போடுவதற்கு முன்பே வெளியில் காட்டிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது புதுசு இல்லை. சொன்னதும் மனுஷன் முகம் செத்துப்போயிற்று.

வீடியோவில் வராதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கூண்டை மேல்தளத்திலிருந்தே திறந்து மூடும் வழி ஒன்று பிறகு தோன்றியதாம், இன்னும் செய்து முடிக்கவில்லையாம். அதற்கு மனுப் போட்டோம். கையெழுத்துப் போட வந்தவர் சொன்னது இது:

"இந்தத் தடவை வீட்டுலகூடச் சொல்லலை சார். பட்டறைக்கு எதுக்குப் பூட்டுன்னு அவுக சண்டை போட்டுக்கிட்டிருக்காக!"

யார் பேர்?

கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் செல்வி என்பவருக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அது கைப்பக்கம் தெறிக்காமல் கீழே வடிந்து போகிற மாதிரி ஒரு வெட்டுக்கருவியை யோசித்தார். வெல்டிங் செய்தது அவருடைய கொழுந்தன் முருகேசன். சொந்தக்காரர்களோ ஆம்பளை பேரிலேயே எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கண்டுபிடிச்சவர்னு உண்மையா யோசிச்சவங்க பேரைத்தான் எழுதணும். யோசிச்சது யாரு?" என்று கேட்டேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டார். முருகேசன் தயங்கவே இல்லை.

"நெனச்சது மதினிங்க. அவங்க சொன்ன எடத்துல நான் பத்தவச்சேன், அம்புட்டுத்தான். அவங்க பேரையே போடுங்க."

காரில் வந்தவர்

செல்வியின் மனுவுக்குச் சென்னை பேட்டன்ட் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. இதே மாதிரி கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன, உங்களுடையது எதில் வேறு என்று கேட்டிருந்தார்கள். "அப்ப இல்லைன்னுட்டாங்களா சார்?" என்று உடைந்துபோனார். இல்லையம்மா, கேள்விதான் கேட்கிறார்கள் என்று தேற்றி, எண்ணெய் வடியும் வழியை விளக்கிப் பதில் அனுப்பினோம்.

அதற்குள் வெளியூர் வியாபாரி ஒருவர் அவரிடமே ஒரு கருவியை வாங்கிப்போய், அச்சு அசலாக அதே மாதிரி செய்து விற்க ஆரம்பித்துவிட்டார். செல்வியிடம் கருவி கேட்டு வைத்திருந்தவர்களெல்லாம் அங்கே போய்விட்டார்கள். உரிமை கைக்கு வரும்வரை வழக்குப் போட முடியாது. ஆபீஸில் உட்கார்ந்து அவர் அழுதபோது, பொறுத்திருங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது.

ஒருவழியாக உரிமை வந்தது. நோட்டீஸ் போனதும் வியாபாரி காரில் வந்து இறங்கினார். இனி அனுமதி வாங்கியே செய்கிறேன், விற்பதில் பங்கும் தருகிறேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஒரு கிராமத்துப் பொம்பளை பேர்ல இதெல்லாம் இருக்கும்னு நெனக்கலைங்க" என்றும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? இங்கிட்டு உக்காருங்க. டீயைக் குடிச்சுட்டுக் கையெழுத்தைப் போடுங்க."

நம் மாவட்டத்தில் புதுசாக யோசிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. யோசித்ததை ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வருகிறவர்களுக்கும்தான்.