ரொட்டியின் கீழ்ப்பாதி

பொறாமை நினியன் கெடஸுக்குப் பழக்கமில்லாத நோய். நாற்பத்தாறு வயது வரை அவனை அது தீண்டியதில்லை. கூடப் படித்தவன் கடலில் எண்ணெய் எடுக்கப் போய் இரண்டு வீடு வாங்கினான். நினியன் போய்ச் சாப்பிட்டு வாழ்த்திவிட்டு வந்தான். தனக்குப் பின்னால் போலீசில் சேர்ந்த டன்லப் சார்ஜென்ட் ஆனார். அவர் தோளில் பட்டையைக் குத்திவிட்டதே நினியன்தான். போர்ட் கெரன் என்ற அந்தச் சின்னத் துறைமுக ஊரில் பிறந்து, ஐஸ் ஃபேக்டரியில் மீன் பெட்டி தூக்கி, பிறகு கான்ஸ்டபிள் ஆகி, கான்ஸ்டபிளாகவே இருந்துவிட்டதில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

லோர்னா கெர்ரை ரோரி பாய்டுடன் ஜோடி போட்ட அன்றுதான் அந்த நோய் வந்தது.

ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஒருவர் மட்டும் பார்த்த குற்றம் குற்றமாக நிற்காது. ஒருவன் தெருவில் நின்று கெட்ட வார்த்தை பேசி, பார்க்கிறவர்கள் மிரளும்படி கலாட்டா செய்தான் என்று சொல்ல வேண்டுமானால், அதை இரண்டு பேர் சொல்ல வேண்டும். அதனால் அங்கே போலீஸ்காரர்கள் ஜோடி ஜோடியாகத்தான் போவார்கள். ஜோடியில் இருக்கும் மற்றவரைப் 'பக்கத்து வீடு' என்பார்கள். பதினோரு வருடமாக நினியனுக்கு லோர்னாதான் பக்கத்து வீடு.

இரண்டு பேரும் வேலை விஷயம் தவிர அதிகம் பேசிக்கொண்டதில்லை. காலையில் துறைமுகத்து பேக்கரியில் ஒரு கருகல் ரொட்டி வாங்குவார்கள். மேலே கரிக்கட்டை மாதிரி கறுக்கும் வரை வாட்டி, நடுவில் பன்றிக்கறி வைத்த உருண்டை ரொட்டி அது. வேனில் உட்கார்ந்ததும் லோர்னா மேல்பாதியைப் பிய்த்துக்கொள்வாள். அந்தக் கறுத்த தோலென்றால் அவளுக்கு உயிர். கொழுப்பு ஊறிய கீழ்ப்பாதி நினியனுக்கு. அவன் கேட்டதில்லை; அவள் இந்தா என்று சொன்னதும் இல்லை. கை தானாக நீளும், ரொட்டி வந்து சேரும்.

"உனக்குக் கல்யாணம் என்கூடவா, அவகூடவா?" என்று அவன் மனைவி கேட்பாள்.

"அவகூட பேச வேண்டியதில்ல. அந்த வசதி உன்கிட்ட இல்லையே" என்பான். மனைவி சிரிப்பாள். அதில் சந்தேகம் எதுவும் இருந்ததில்லை.

குளிர்காலத்தில் ஒரு வழக்கு வந்தது. குதிரைக்குப் பணம் கட்டும் பந்தயக் கடை வாசலில் ஒருவன் கண்ணாடியைத் தட்டி மிரட்டிய வழக்கு. நினியன் முதலில் சாட்சி சொன்னான், பிறகு லோர்னா. எதிர்த்தரப்பு வக்கீல் இருவரும் எழுதிக் கொடுத்ததை அடுத்தடுத்துப் படித்தார். இரண்டிலும் 'கசாப்புக் கடை வாசல் நாய் போல நின்றான்' என்று இருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த நாயை உங்களில் யார் பார்த்தது என்று கேட்டார். நீதிமன்றமே சிரித்தது. லோர்னா கழுத்து வரை சிவந்துபோய் நின்றாள். வழக்கு அங்கேயே விழுந்தது.

அவர்கள் பொய் எழுதவில்லை. எழுதுவதற்கு முன்னால் வேனில் உட்கார்ந்து பேசிக்கொள்வது அவர்கள் வழக்கம். பேசிப் பேசி இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் டன்லப் ஜோடிகளை மாற்றினார். லோர்னாவுக்கு ரோரி. நினியனுக்கு மார்னி ஸ்பென்ஸ். அபர்டீனிலிருந்து மாற்றலாகி வந்தவள், நெட்டையானவள். வேலை நேரத்தில் எதையும் வாயில் போடாதவள்.

"எத்தன நாளைக்கு, சார்ஜ்?" என்று கேட்டான் நினியன்.

"கோடைத் திருநாள் முடியட்டும்பா. அப்புறம் எல்லா ஜோடியையும் ஒரு தடவ பாக்கறேன். நீ ஒழுங்கா வேலை பாத்துக் காட்டு, அப்ப பேசலாம்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் வசந்தத்தைக் கடத்தினான். ரோரி கெட்டவனாக இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ரோரி நல்லவன், வேடிக்கையாகப் பேசுகிறவன், கிழவிகளுக்கு சாலையைக் கடக்கக் கை கொடுக்கிறவன். பழைய வேனை எடுக்கும்போதெல்லாம் சீட் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. ரோரியின் கால் நீளம். நினியன் அதை முன்னால் இழுத்துவைப்பான். மறுநாள் மறுபடியும் பின்னால் போயிருக்கும். மதிய உணவு அறைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று, லோர்னாவின் சிரிப்பு எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கொடுப்பான். பதினோரு வருடத்தில் தான் அவளை இப்படிச் சிரிக்கவைத்தோமா என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. அது இன்னும் எரிந்தது.

கோடைத் திருநாளன்று ஊரே தெருவில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்ணொருத்திக்கு ராணி கிரீடம் வைத்து, அலங்கரித்த லாரியில் ஏற்றி, பைப் வாத்தியத்தோடு துறைமுகம் வரை கூட்டிப்போவார்கள். லாரி நகர மண்டபத்தின் பின் சந்தில் நின்றது. ஓட்டுநர் கென்னி சக்கரத்துக்குக் காகிதப் பூ கட்டிக்கொண்டிருந்தான். சந்து முனையில் நினியனும் மார்னியும் காவல் நின்றார்கள். ராணியும் தோழிகளும் மண்டபத்துக்குள் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். வாத்தியக்காரர்கள் முன்வாசலில் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

புல்வெளிக்கு அப்பால் டீக்கூடாரம். லோர்னாவும் ரோரியும் இடைவேளையில் அங்கே நின்றிருந்தது தெரிந்தது. லோர்னா கையில் காகிதப் பை. நினியன் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தான். அவள் பைக்குள் கையை விட்டாள். கருகல் ரொட்டி. மேல்பாதியைப் பிய்த்தாள். ரோரி வேறு எங்கோ பார்த்துப் பேசியபடியே கையை நீட்டினான். கீழ்ப்பாதி அவன் கைக்குப் போனது.

நினியன் அசையாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது சந்துக்குள் ஒரு கத்தல் கேட்டது. கெட்ட வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. போன வருடம் வரை ராணி லாரியை ஓட்டிய டேவி கௌடியின் குரல். நினியன் திரும்பியபோது கூடாரத்து இரும்புக் கம்பு ஒன்று தரையில் உருண்டுகொண்டிருந்தது. மார்னி டேவியின் மார்பில் கை வைத்துத் தள்ளிப் பிடித்திருந்தாள். கென்னி லாரிக் கதவுக்குப் பின்னால் குந்தியிருந்தான். அதற்குப் பிறகும் டேவி கத்துவதை நிறுத்தவில்லை. மண்டபத்து ஜன்னலில் குழந்தைகளின் முகங்கள் தெரிந்தன.

"கென்னி, கம்ப ஓங்கினானா?" என்று கேட்டாள் மார்னி.

"நான் ஒண்ணும் பாக்கலம்மா. குனிஞ்சு டயரப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"உன் மண்டைய உடைப்பேன்னு சொன்னானே?"

"பேண்டு சத்தத்துல ஒண்ணும் கேக்கல." அதே ஊர்க்காரனை மாட்டிவிட்டு நாளைக்கு அதே தெருவில் நடக்க வேண்டிய கவலை கென்னிக்கு. ஜன்னலுக்குக் குழந்தைகள் வந்தது கத்தலைக் கேட்ட பிறகுதான்; கம்பை அவர்களும் பார்த்திருக்கவில்லை.

டேவியைக் கைது செய்து வேனில் ஏற்றினார்கள். மார்னி சட்டப்படி சொல்ல வேண்டியதை நிதானமாகச் சொன்னாள்: அவன் எதுவும் பேசக் கட்டாயமில்லை, பேசினால் அது எழுதிக்கொள்ளப்படும்.

"நல்லா எழுதிக்கோ" என்றான் டேவி. "ஒன்பது வருஷம் ராணி லாரிய நான்தான் ஓட்டினேன். ஒரு பொண்ணு கிரீடமாவது ஆடியிருக்குமா? இவன் மீன் லாரிக்காரன். பூ கட்டினாலும் நாறும். அதையும் எழுது. நாறும்னு எழுது."

"கொஞ்சம் அடங்கு டேவி" என்றான் நினியன். "கமிட்டிக்காரங்க ஏன் மாத்தினாங்கன்னு அவங்ககிட்டயே போய்க் கேட்டிருக்கலாமே?"

"எப்படிக் கேப்பேன்? கேட்டா சொல்லிடுவாங்களே."

வேன் மேடேறிக்கொண்டிருந்தபோது மார்னி ஒரு தடவை திரும்பி, "ரெண்டு கையாலயும் தூக்கினான். தோளுக்கு மேல. பாத்தீங்கல்ல?" என்றாள். நினியன் சாலையைப் பார்த்தபடி ஏதோ முனகினான். அது ஆமாம் என்றும் படலாம்.

நிலையத்தில் இருவரையும் தனித்தனி அறையில் எழுத உட்காரவைத்தார் டன்லப். அந்த வழக்குக்குப் பிறகு வந்த ஏற்பாடு. கதவை மூடும் முன், "கம்பு ஓங்கின கேஸ்னா இது பெருசு. திங்கக்கிழம கோர்ட்டுக்குப் போகும், அதுவரைக்கும் உள்ளதான்" என்றார். "கையோட பிடிச்சிருக்கீங்க. நல்ல வேலை நினியன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜோடி விஷயம் சாயங்காலம் பேசலாம்."

நினியன் பேனாவை எடுத்தான். இரண்டு கையாலும், தோளுக்கு மேல். எழுதினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. மார்னி சொல்வதும் இவன் சொல்வதும் பொருந்தும். லோர்னா திரும்பி வருவாள், காலையில் கை நீளும். டேவி நிஜமாகவே ஓங்கியிருப்பான். மார்னி பொய் சொல்கிறவள் இல்லை. கண்ணை மூடினால் கம்பு அவன் கண்ணுக்குள்ளேயே மேலே எழுந்தது. வெயில் பட்டு அது மின்னியதுகூடத் தெரிந்தது. அதைக் கண்டுதான் அவன் பயந்தான். அந்தச் சந்தில் வெயிலே விழாது.

எழுந்து போய் டன்லப்பின் மேசை முன்னால் நின்றான்.

"கத்தினத கேட்டேன் சார்ஜ். திட்டினத கேட்டேன். குழந்தைங்க ஜன்னல்ல இருந்தும் நிறுத்தலங்கறத பாத்தேன். கம்பு கீழ கிடந்தப்பதான் திரும்பினேன். ஓங்கினத பாக்கல."

டன்லப் பேனாவை மூடினார். "ரெண்டு பேரும் சந்து வாசல்லதானே நின்னீங்க?"

"ஆமா."

"அப்ப எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

கதவு திறந்திருந்தது. அடுத்த அறையில் மார்னியின் நாற்காலி நகரும் சத்தம் நின்றது.

"டீக்கூடாரத்த."

"அங்க என்ன?"

"லோர்னா ரோரிக்கு ரொட்டியில பாதி குடுத்தா."

டன்லப் சிரித்துவிடுவார் என்று நினியன் நினைத்தான். அவர் சிரிக்கவில்லை. "கத்தினதுக்கு ரெண்டு காது ஜோடி இருக்கு. கம்புக்கு ஒரு கண்ணு ஜோடிதான்" என்றார். "டேவிக்கு எழுத்துல எச்சரிக்கை குடுத்து அனுப்பறேன். அவனுக்கு இன்னைக்கு நல்ல நாள். ஜோடி அப்படியே இருக்கட்டும் நினியன். இதுக்கு மேல அதப் பேச வேணாம்."

டேவி மாலைக்குள் வீட்டுக்குப் போனான். போகும்போது, தான் கம்பைத் தூக்கியதை நினியன் வேண்டுமென்றே மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கண்ணடித்தான். அந்தக் கண்ணடிப்பு நினியனுக்கு அறை வாங்கின மாதிரி இருந்தது.

கொல்லையில் வேன்கள் நிற்கும் இடத்தில் லோர்னா காத்திருந்தாள். ஸ்டேஷன் முழுக்க விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

"யோவ், ஒரு ரொட்டிக்காகவா?"

"ரொட்டிக்காக இல்ல." அவன் சாவியைக் கையில் உருட்டினான். டேவியின் பதில் ஞாபகம் வந்தது. தானும் இத்தனை மாதம் கேட்காமல் இருந்தது அதற்காகத்தான் என்று தெரிந்தது. "ஜோடிய மாத்தச் சொன்னது டன்லப்பா, நீயா?"

"நான்தான்."

"நாய்னு சிரிச்சாங்களே, அதுக்காகவா?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. அந்த ஜட்ஜு யார் பாத்ததுன்னு கேட்டாரு பாரு, அப்ப எனக்குப் பதில் தெரியல நினியன். நாய் மாதிரி நின்னான்னு நான் பாத்தேனா, நீ வேன்ல சொன்னியான்னு எனக்கே தெரியல. கூண்டுல நின்னுக்கிட்டு என் கண்ணு எதுன்னு தேடினேன். உன்கிட்ட சொன்னா நீ மனசு வருத்தப்படுவேன்னு சார்ஜ்கிட்ட போனேன்."

"வருத்தப்படாமயா இருந்தேன்?"

"அது தெரியுது. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு." அவள் வேன் கதவில் சாய்ந்தாள். "ரோரிக்குக் கருகல் பிடிக்காது. மேல்பாதிய எனக்குக் குடுத்துடறான், அவ்வளவுதான். நீயும் எனக்காகத்தான் கீழ்ப்பாதி சாப்பிட்டியா?"

"இல்ல. எனக்குக் கீழ்ப்பாதி பிடிக்கும்."

"நல்லவேள" என்றாள். பிறகு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை நினியன் பேக்கரியில் நின்றான். கடைக்காரப் பெண் கேட்காமலே கருகல் ரொட்டியை எடுத்தாள். "அது வேணாம்மா. வெள்ளையா இருக்கறத குடு" என்றான். முழு ரொட்டியையும் அவனே தின்றான். மேல்பாதி மாவு மாவாக இருந்தது. ரசிக்கவில்லை; ஆனால் தின்றான்.

மார்னி ஓட்டினாள். துறைமுகம் திரும்பும் இடத்தில், "இடது பக்கம் நீங்க பாருங்க. வலது பக்கம் நான். எழுதி முடிக்கற வரைக்கும் என்கிட்ட எதுவும் கேக்காதீங்க, நானும் கேக்க மாட்டேன்" என்றாள்.

இடது பக்கத்தில் ஐஸ் ஃபேக்டரி, வலை காயும் மதில், மூடியிருந்த பந்தயக் கடை. எதிரே லோர்னாவின் வேன் வந்தது. ரோரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், லோர்னா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வேன் வந்தது வலது பக்கம். நினியன் கழுத்தைத் திருப்பி இடது பக்கத்தைப் பார்த்தான்.